வேஃபருடன் அமைச்சரவைக்குள் நுழைந்த பேராசிரியர்

2022 மே மாதத்தில், தென்கொரியாவின் தேஜான் நகரிலுள்ள ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் நான் போஸ்ட்டாக் எனப்படும், முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய தற்காலிக ஆய்வாளராகச் சேர்ந்து எட்டு மாதங்கள் ஆகியிருந்தன. மெல்லிய ஆக்சைடு படலங்களை வைத்து நினைவகச் சில்லுகள் செய்ய முடியுமா என்பதே எங்கள் ஆய்வு. ஒரு நாள் மதிய உணவின்போது மூத்த மாணவர் ஒருவர் தம் கைப்பேசியை என் தட்டுக்கு அருகில் வைத்து, புதிதாகப் பதவியேற்ற அறிவியல் அமைச்சரின் படத்தைக் காட்டினார். முகம் பிடிபடவில்லை. பெயரைச் சொன்ன பிறகுதான், என் முனைவர் பட்ட ஆய்வேட்டின் முதல் இயலில் நான் மேற்கோள் காட்டியிருந்தவர் இவர் என்பது உறைத்தது. சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தின் மின்பொறியியல் பேராசிரியர் லீ ஜோங்-ஹோ, நாட்டின் அறிவியல், தகவல் தொழில்நுட்ப அமைச்சராகியிருந்தார்.

சில்லுத் துறையில் இருப்பவர்களுக்கு அவரைப் பல்க் ஃபின்ஃபெட் என்ற இரண்டு சொற்களில் அறிமுகப்படுத்திவிடலாம். சில்லுக்குள் மின்னோட்டத்தைத் திறந்து மூடும் நுண்ணிய சுவிட்சான டிரான்சிஸ்டரின் அளவு சுருங்கச் சுருங்க, அதை அணைத்த பிறகும் மின்னோட்டம் கசிந்துகொண்டே இருக்கும். மின்னோட்டம் ஓடும் பாதையைத் தட்டையாக விடாமல் மீனின் துடுப்பைப் போல நிமிர்த்தி, அதன் மேல் கேட் எனப்படும் கட்டுப்பாட்டு முனையைப் போர்த்தினால் கசிவு அடங்கும் என்பதே ஃபின்ஃபெட்டின் அடிப்படை. அமெரிக்காவின் பெர்க்லியில் சென்மிங் ஹூவின் குழு 1990-களின் இறுதியில் செய்துகாட்டிய வடிவம், இடையில் காப்புப் படலம் வைத்த, விலை கூடிய வேஃபரில், அதாவது சில்லுகளைச் செதுக்கும் மெல்லிய சிலிக்கான் வட்டில், அமைந்தது. லீ ஜோங்-ஹோ, இக்சான் நகரிலுள்ள வொன்குவாங் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்தபோது, தேஜானிலுள்ள கைஸ்ட் என்ற அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துடன் இணைந்து, அதே துடுப்பைச் சாதாரண சிலிக்கான் வேஃபரிலேயே எழுப்பும் பல்க் ஃபின்ஃபெட் முறையை உருவாக்கினார். வேஃபரின் விலையும் குறையும், துடுப்பில் உண்டாகும் வெப்பமும் அடியிலுள்ள சிலிக்கானுக்குள் இறங்கிவிடும். இன்டெல் தன் 22 நானோமீட்டர் தலைமுறைக்கு எடுத்துக்கொண்டதும் சாதாரண வேஃபரில் எழுப்பிய துடுப்பைத்தான். தலைநகரின் பெரிய பல்கலைக்கழகத்துக்குப் போவதற்கு முன்பே, ஒரு சிறு நகரத்துத் தனியார் பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு அவர் இதைச் செய்தார் என்பது, நம் ஊரில் மாவட்டத்துப் பொறியியல் கல்லூரியில் படித்துவிட்டு வந்த எனக்குத் தனி மகிழ்ச்சியைத் தந்தது.

கொரியர்களுக்கு இந்த நியமனம் புதுமையாகத் தோன்றவில்லை. அவருக்கு முன் அந்த நாற்காலியில் இருந்த இம் ஹே-சூக், எஹ்வா மகளிர் பல்கலைக்கழகத்தின் மின்னணுப் பொறியியல் பேராசிரியர். அந்த அமைச்சகத்தின் முதல் பெண் அமைச்சர். அவருக்கும் முன்னால் இருந்த சோய் கி-யங், சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தின் மின்பொறியியல் பேராசிரியர். கொரியாவில் அமைச்சராவதற்கு நாடாளுமன்ற உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை. குடியரசுத் தலைவர் ஒருவரைத் தேர்ந்தெடுப்பார், நாடாளுமன்றக் குழு அவரை அழைத்து விசாரிக்கும், அந்தக் குழுவின் சம்மதம் கிடைக்காவிட்டாலும் குடியரசுத் தலைவர் நியமித்துவிடலாம். பேராசிரியர் வேலையிலிருந்து விடுப்பில் சென்று, பதவி முடிந்ததும் வகுப்பறைக்குத் திரும்பவும் முடியும். இப்படிப் போய் வருபவர்களைக் கேலியாகக் குறிக்க அரசியலையும் பேராசிரியரையும் ஒட்டி ‘பாலிஃபெசர்’ என்று ஒரு சொல்லையே கொரியர்கள் வைத்திருக்கிறார்கள். அமைச்சராகும் வெளியாள் ஆறு மாதத்துக்குள் ஏதேனும் ஓர் அவையில் உறுப்பினராகிவிட வேண்டும் என்று அரசமைப்பே சொல்லும் நாட்டிலிருந்து போன எனக்கு, இந்த ஏற்பாடு பழகச் சில நாள் பிடித்தது.

அந்த வாரம் எங்கள் ஆய்வகத்தில் நிலவிய மனநிலையை ஒளிக்காமல் எழுத வேண்டும். ‘நம்ம ஆள் ஒருத்தர் மேலே போயிட்டார்’ என்று நம் ஊரில் சொல்வார்களே, அதே நிறைவுதான். வேஃபரைக் கையால் தொட்டவர், கருவி பழுதாகிக் கிடக்கும் வாரத்தின் அவதியை அறிந்தவர், இனி நம் ஆய்வு நிதி விண்ணப்பங்களின் தலையெழுத்தைத் தீர்மானிக்கும் இடத்தில் இருப்பார் என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம். எங்கள் பேராசிரியர் மட்டும் அதிகம் பேசவில்லை. “அவர் நல்ல ஆய்வாளர். அமைச்சர் வேலை வேறு” என்று சொல்லிவிட்டுத் தேநீர்க் கோப்பையைக் கழுவப் போய்விட்டார்.

ஜூன் 7-ஆம் தேதி நடந்தது எங்கள் நம்பிக்கைக்கு நெய் ஊற்றியது. அன்றைய அமைச்சரவைக் கூட்டத்தில், குடியரசுத் தலைவர் யூன் சுக்-யோல் முன்னிலையில், மற்ற அமைச்சர்களுக்குச் சில்லுகளைப் பற்றி லீ ஜோங்-ஹோ பாடம் நடத்தினார். வேஃபரையும், சில்லின் வடிவத்தை ஒளியால் பதிக்கப் பயன்படும் ஃபோட்டோமாஸ்க்கையும் கையோடு கொண்டுபோயிருந்தார். நிதி, கல்வி, பாதுகாப்பு என்று வெவ்வேறு துறைகளின் பொறுப்பில் இருப்பவர்கள் அந்தப் பளபளக்கும் வட்டை நேரில் பார்த்துக்கொண்டே கேட்ட பாடம் அது. அடுத்த மாதமே, 2031-க்குள் 1,50,000 சில்லுத் துறை வல்லுநர்களை உருவாக்கும் திட்டத்தை அரசு அறிவித்தது. பாடத்தால்தான் திட்டம் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். திட்டம் வரவேண்டிய சூழல் ஏற்கெனவே இருந்தது. இருந்தாலும், துறை அறியாதவர்கள் நிறைந்த அறைக்குள் வரைபடங்களோடு நிற்காமல் பொருளையே எடுத்துச் சென்ற உத்தி என் மனத்தில் தங்கிவிட்டது.

அதை நான் அப்படியே கடைப்பிடித்தேன். அவ்வாண்டு இறுதியில் எங்கள் திட்டத்தை மதிப்பிட வந்த குழுவில் இருவர் மட்டுமே எங்கள் துறையினர். மற்றவர்களில் ஒருவர் கட்டுமானப் பொறியியல், இன்னொருவர் நிர்வாக அதிகாரி. முந்தைய ஆண்டு நாற்பது பக்கங்கள் கொண்ட விளக்கக்காட்சியைப் போட்டு அவர்களைத் தூங்க வைத்திருந்தோம். இம்முறை உடைந்த வேஃபர் ஒன்றையும் உடையாத வேஃபர் ஒன்றையும் மேசையில் வைத்துவிட்டு, ‘இதில் வேலை செய்யும் சில்லுகள் இந்தப் பகுதியில் மட்டுமே கிடைக்கின்றன, ஓரத்தில் கிடைப்பதில்லை, ஓரத்திலும் கிடைக்கச் செய்வதே அடுத்த ஆண்டின் பணி’ என்று விரலால் சுட்டிக்காட்டி விளக்கினேன். அதிக நேரம் கேள்வி கேட்டவர் அந்த நிர்வாக அதிகாரிதான். விண்ணப்பம் எழுதும்போதும் மதிப்பீட்டுக் குழுவின் முன் நிற்கும்போதும், நம் துறையை அறியாத ஒருவர் அந்த அறையில் கட்டாயம் இருக்கிறார் என்று எண்ணிக்கொண்டு தொடங்கும் பழக்கம் அன்றிலிருந்து எனக்கு வந்தது. நம் ஊரிலிருந்து வரும் ஆய்வாளர்கள் பெரும்பாலும் தேர்வாளருக்கு விடை எழுதும் பாணியிலேயே விண்ணப்பம் எழுதுகிறார்கள்; எல்லாம் தெரிந்த ஒருவர் மதிப்பெண் போடுவார் என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறது.

அமைச்சரின் பழைய காப்புரிமைக் கதையையும் அக்காலத்தில்தான் முழுமையாகப் படித்தேன். பல்க் ஃபின்ஃபெட்டுக்கான அமெரிக்கக் காப்புரிமைக்கு 2003-இல் அவரே கண்டுபிடிப்பாளராக விண்ணப்பித்து, 2005-இல் பெற்றார். பிற்பாடு அது கைஸ்ட்டின் காப்புரிமைகளைக் கையாளும் நிறுவனத்தின் வழியாக உரிமம் கொடுக்கப்பட்டது. இன்டெல் கட்டணம் செலுத்திப் பயன்படுத்தியது. சாம்சங்குடன் வழக்கு மூண்டது. 2018 ஜூனில் டெக்சாஸில் நடுவர் குழு 40 கோடி டாலர் இழப்பீடு தரச் சொன்னது; 2020-இல் நீதிபதி அதை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தார். தம் சொந்த நாட்டின் மிகப்பெரிய சில்லு நிறுவனத்துடன் இப்படியொரு வழக்கில் சம்பந்தப்பட்ட கண்டுபிடிப்பாளர், சில ஆண்டுகளில் அதே நாட்டின் சில்லுக் கொள்கையை வகுக்கும் அமைச்சரானார் என்பதை நினைத்தால் இன்னும் வியப்பாகத்தான் இருக்கிறது.

அந்த வழக்கில் காப்புரிமை உண்மையில் யாருக்குச் சொந்தம், பேராசிரியருக்கா, அவர் அப்போது வேலை பார்த்த பல்கலைக்கழகத்துக்கா என்ற கேள்வியும் எழுந்தது. அதைப் படித்த இரவில் என் ஆய்வுக் குறிப்பேட்டைத் திறந்து பார்த்தேன். நாள் குறிக்காத பக்கங்கள் பல இருந்தன. யாருடைய யோசனை எது என்ற குறிப்பு எங்கும் இல்லை. பணியில் சேரும்போது நான் கையெழுத்திட்ட தாள்களில் கண்டுபிடிப்புகளின் உரிமை பற்றிய பிரிவு கொரிய மொழியில் இருந்தது, படிக்காமலே கையெழுத்திட்டிருந்தேன். மறுநாள் ஆய்வக மாணவி ஒருவரை அருகில் உட்கார வைத்து ஒவ்வொரு வரியாகக் கேட்டுப் புரிந்துகொண்டேன். பணிக்கால ஆய்வில் விளையும் கண்டுபிடிப்பின் உரிமை நிறுவனத்துக்கு, அதற்கான ஈட்டுத்தொகை கண்டுபிடிப்பாளருக்கு என்பது அதன் சாரம். அந்த ஈட்டுத்தொகையில் என் பங்கு எவ்வளவு என்பது, கண்டுபிடிப்பு அறிக்கையில் என் பெயருக்கு எதிரே எழுதப்படும் விழுக்காட்டைப் பொறுத்தது. அந்த விழுக்காட்டை எழுதும் நாளில் நாம் அந்த அறையில் இருக்க வேண்டும். அதற்கடுத்து நாங்கள் அனுப்பிய அறிக்கையில் நான் இருந்தேன்.

கொரியாவின் நூரி ராக்கெட் 2022 ஜூன் 21-இல் வெற்றிகரமாக ஏவப்பட்டதும், ஆகஸ்டில் தனூரி விண்கலம் நிலவுக்குப் புறப்பட்டதும் லீ ஜோங்-ஹோவின் பதவிக்காலத்தின் ஒளி மிகுந்த நாள்கள். அவற்றுக்கும் எங்கள் ஆய்வகத்துக்கும் தொடர்பில்லை. தொலைக்காட்சியில் பார்த்துக் கைதட்டியதோடு சரி.

2023 கோடையில் நிலைமை மாறியது. அதைப் புரிந்துகொள்ள, கொரியாவின் ஆய்வு நிதி எந்த வழியாக வருகிறது என்பதை அறிந்திருக்க வேண்டும். அதுவரை எனக்கு அது துளியும் தெரியாது. அங்கே நிதியாண்டு ஜனவரியில் தொடங்குகிறது. அமைச்சகங்கள் தங்கள் தேவையை மே இறுதிக்குள் கேட்கின்றன. முக்கியமான ஆய்வுத் திட்டங்களுக்கு யாருக்கு எவ்வளவு என்ற பங்கீட்டை, அறிவியல் அமைச்சகத்துக்குள்ளேயே இருக்கும் புத்தாக்கத் தலைமையகம் வகுத்து, ஜூன் இறுதிக்குள் அப்போதைய நிதியமைச்சகத்துக்கு அனுப்பி வந்தது. செப்டம்பர் தொடக்கத்தில் வரவு செலவுத் திட்டம் நாடாளுமன்றத்துக்குப் போகிறது. டிசம்பர் 2-க்குள் முடிவெடுக்க வேண்டும் என்பது சட்டம், பெரும்பாலும் தள்ளிப்போகும்.

2023 ஜூன் 28 அன்று, அந்தப் பங்கீடு ஏறக்குறைய முடிந்திருந்த வேளையில், ஆய்வு நிதியை அடியிலிருந்து மறுபரிசீலனை செய்யுமாறு குடியரசுத் தலைவர் பணித்தார். ஒரு சிலர் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்ளும் ‘கார்ட்டெல்’ என்ற சொல் செய்திகளில் ஓடத் தொடங்கியது. ஆகஸ்ட் 22-இல் புதிய பங்கீட்டை அறிவியல் அமைச்சர் அறிவித்தார். நாடாளுமன்றத்தில் ஓரளவு மீட்கப்பட்ட பிறகும், 2023-இல் 31.1 லட்சம் கோடி வான் (கொரிய நாணயம்) ஆக இருந்த அரசின் ஆய்வு நிதி 2024-க்கு 26.5 லட்சம் கோடி வான் ஆகக் குறைந்தது. 1991-க்குப் பிறகு அது குறைந்தது அதுவே முதல் முறை. தேசிய உற்பத்தியில் ஏறத்தாழ 5 விழுக்காட்டை ஆய்வுக்குச் செலவிடும் நாடு அது, இஸ்ரேலுக்கு அடுத்த இடம். அந்தச் செலவில் பெரும்பகுதி நிறுவனங்களுடையது என்பதையும், பல்கலைக்கழக ஆய்வகங்கள் உயிர்வாழ்வது அரசு நிதியில் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த வெட்டு எங்கே விழுந்தது என்பது தெரியும்.

அரசின் தரப்பிலும் வாதம் இருந்தது. 2019-இல் சுமார் 20 லட்சம் கோடி வான் ஆக இருந்த நிதி நான்கே ஆண்டுகளில் பாதிக்கு மேல் வளர்ந்துவிட்டது, சிறு நிறுவனங்களுக்குத் துண்டு துண்டாகப் பிரித்துத் தரும் திட்டங்கள் பெருகிவிட்டன, விளைவு தெரியவில்லை என்றார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. விண்ணப்பம் எழுதித் தருவதையே தொழிலாகக் கொண்ட இடைத்தரகர்களை நானே பார்த்திருக்கிறேன். எனக்கு உறுத்தியது வேறு. துறை அறியாத ஓர் அமைச்சர் இதை அறிவித்திருந்தால், ‘அவருக்கு என்ன தெரியும்’ என்று எதிர்க்க ஓர் இடமாவது இருந்திருக்கும். வேஃபரைத் தொட்டவர் அறிவித்தபோது அது வல்லுநரின் முடிவு என்ற தோற்றம் பெற்றுவிட்டது. எங்களுக்குக் கவசமாக இருக்கும் என்று நாங்கள் எண்ணிய அவருடைய தகுதியே வெட்டுக்கு முத்திரையாக ஆனது. தனிப்பட்ட முறையில் அவர் என்ன நினைத்தார் என்பதை நான் அறியேன். குடியரசுத் தலைவர் பணித்த பிறகு, கட்சியோ தொகுதியோ இல்லாத ஒரு பேராசிரியருக்கு மறுத்து நிற்க அந்த அவையில் என்ன பலம் இருந்திருக்கும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நாடாளுமன்றத்தில் வேரூன்றிய அரசியல்வாதிக்கு, பதவியை இழந்தாலும் போய் நிற்க ஓர் இடம் உண்டு. பேராசிரியருக்கு வகுப்பறை உண்டுதான். ஆனால் பேரம் பேச அது உதவாது.

என் கதைக்கு வருகிறேன். 2023 அக்டோபரில் எங்கள் பேராசிரியர் என்னை அறைக்கு அழைத்து, “பிப்ரவரிக்குப் பிறகு உங்கள் சம்பளத்தை எதில் போடுவது என்று பார்க்க வேண்டும்” என்றார். எனக்குப் புரியவில்லை. என் ஒப்பந்தம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்டு வந்தது, மூன்றாம் முறையும் அப்படியே நடக்கும் என்று இருந்தேன். அவர் பொறுமையாக ஒரு தாளை எடுத்து வரைந்து காட்டினார். என் சம்பளம் முழுவதும் ஒரே திட்டத்திலிருந்து வந்துகொண்டிருந்தது, அந்தத் திட்டத்தின் ஆயுள் பிப்ரவரியில் முடிகிறது, அது நான் சேரும்போதே தெரிந்திருந்த தேதி. அடுத்த திட்டத்துக்கான போட்டி இம்முறை கடுமையாக இருக்கும். அவர் ஒளித்த எதுவும் இல்லை. நான்தான் ஒரு நாளும் கேட்கவில்லை. இரண்டு ஆண்டுகளாக ஒரு நானோமீட்டரின் பத்தில் ஒரு பங்கு வரை படலத்தின் தடிமனை அளந்துகொண்டிருந்த எனக்கு, என் சம்பளம் எந்த எண்ணிட்ட திட்டத்திலிருந்து வருகிறது என்பது தெரியவில்லை.

கொரியாவில் ஒவ்வோர் ஆய்வாளரின் நேரமும் திட்டங்களுக்கு இடையே விழுக்காடாகப் பிரிக்கப்பட்டிருக்கும். அதற்குப் பங்கேற்பு விகிதம் என்று பெயர். ஒருவர் ஒரே காலத்தில் ஐந்து அரசுத் திட்டங்களுக்கு மேல் பங்கேற்கக் கூடாது, மூன்றுக்கு மேல் தலைமை தாங்கக் கூடாது என்ற வரம்பும் உண்டு. நூறு விழுக்காடும் ஒரே திட்டத்தில் இருந்தால், அந்தத் திட்டம் முடியும் நாளில் நாமும் முடிந்தோம். கடைசியில், பக்கத்து ஆய்வகத்தின் கூட்டுத் திட்டம் ஒன்றில் பாதி விகிதமும், எங்கள் ஆய்வகத்தில் மீதமிருந்த சிறு திட்டம் ஒன்றில் மீதியுமாகச் சேர்த்து எனக்கு ஆறு மாத நீட்டிப்புக் கிடைத்தது. நாங்கள் இருவரும் அந்தத் தாளை எழுதியும் அழித்தும் முடித்தபோது இரவு ஒன்பது மணி.

விசாவும் இதனோடு கட்டப்பட்டது என்பதைச் சொல்லாமல் விட முடியாது. இ-3 எனப்படும் ஆய்வாளர் விசா வேலையளிக்கும் நிறுவனத்தைச் சார்ந்தது. ஒப்பந்தம் முடிந்தால், வேலை தேடுவதற்கான டி-10 விசாவுக்கு மாற வேண்டும், இல்லையென்றால் கிளம்ப வேண்டும். குடும்பத்தோடு இருப்பவர்களுக்குப் பிப்ரவரி மாத இறுதி என்பது பள்ளியாண்டு தொடங்கும் தறுவாயும் கூட. அந்தக் குளிர்காலத்தில், எங்கள் ஊர்க்கார நண்பர் ஒருவர் மகளைப் பள்ளியில் சேர்ப்பதா, ஊருக்கு அனுப்புவதா என்று முடிவெடுக்க முடியாமல் இரண்டு மாதம் தவித்ததைப் பார்த்தேன்.

2024 பிப்ரவரி 16 அன்று, எங்கள் நகரிலேயே, கைஸ்ட்டின் பட்டமளிப்பு விழாவில் குடியரசுத் தலைவர் பேசிக்கொண்டிருந்தபோது, பட்டம் பெற வந்த ஒருவர் ஆய்வு நிதியை மீட்டுத் தருமாறு எழுந்து குரல் கொடுத்தார். பாதுகாவலர்கள் அவர் வாயைப் பொத்தித் தூக்கிச் சென்றார்கள். அந்தக் காணொளி மாலைக்குள் எல்லார் கைப்பேசியிலும் இருந்தது. எங்கள் ஆய்வகத்தில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. மூத்த மாணவர் மட்டும் அதை மூன்று முறை போட்டுப் பார்த்தார். 2022-இல் தட்டுக்கு அருகில் கைப்பேசியை வைத்துப் படம் காட்டியவர் அவர்தான்.

அவ்வாண்டு ஆகஸ்டில் லீ ஜோங்-ஹோ பதவி விலகிப் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பினார். அவர் இடத்துக்கு வந்தவர் யூ சாங்-இம், அதே பல்கலைக்கழகத்தின் பொருளறிவியல் பொறியியல் பேராசிரியர், மீக்கடத்திகளில் வல்லவர். தொடர்ந்து நான்காவது பொறியியல் பேராசிரியர். 2025-ஆம் ஆண்டுக்கான நிதி பெருமளவு மீண்டது. ஆட்சி மாறிய பிறகு 2025 ஜூலையில் அந்த இடத்துக்கு வந்த பே கியுங்-ஹூன், எல்ஜி நிறுவனத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தை நடத்தியவர். 2026-க்கு முன்மொழியப்பட்ட ஆய்வு நிதி 35 லட்சம் கோடி வானைத் தாண்டியது. மீண்ட நிதி, இடையில் கலைந்துபோன ஆய்வகங்களைத் திரும்பக் கூட்டுமா என்பது வேறு விஷயம். எங்கள் கருவியை இயக்கத் தெரிந்த இருவரில் ஒருவர் ஒரு நிறுவனத்துக்குப் போய்விட்டார், இன்னொருவன் நான், ஊருக்கு வந்துவிட்டேன்.

இப்போது ஒரு பொறியியல் கல்லூரியில் கற்பிக்கிறேன். சென்ற மாதம் என் பழைய மாணவன் ஒருவன் தேஜானிலிருந்து அழைத்தான். போஸ்ட்டாக் இடம் கிடைத்திருக்கிறதாம். “அண்ணா, புரொஃபசர் பெரிய ஆள், அமைச்சகத்திலேயே அவருக்குச் செல்வாக்கு இருக்காம்” என்றான் மகிழ்ச்சியாக. வாழ்த்திவிட்டு, உன் சம்பளம் எந்தத் திட்ட எண்ணிலிருந்து வருகிறது, அது என்றைக்கு முடிகிறது, அதில் உன் பங்கேற்பு விகிதம் எவ்வளவு என்று கேட்டேன். மறுமுனையில் சிறிது நேரம் சத்தமில்லை. “அதையெல்லாம் கேட்டா தப்பா நினைக்க மாட்டாங்களா, அண்ணா?” என்றான். சேர்ந்த முதல் வாரத்தில் கேட்டால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள், மூன்றாம் ஆண்டில் கேட்டால்தான் சங்கடம் என்றேன். இரண்டு நாள் கழித்து ஒரு படம் அனுப்பியிருந்தான். இரண்டு திட்ட எண்கள், அறுபது விழுக்காடும் நாற்பது விழுக்காடும், ஒன்று பிப்ரவரியில் முடிகிறது, மற்றொன்று அதற்கு அடுத்த ஆண்டு மே மாதத்தில்.